பன்னிரண்டில் ஒன்று

செவ்வாய் இரவுகளில்
எங்கள் கல்லூரி ஒரு சலவைக்கூடம்.
நெப்ராஸ்காவில், இறைச்சி ஆலைக்கு இரண்டு தெரு தள்ளி.
பதினாறு துவைக்கும் இயந்திரங்கள், பத்து உலர்த்திகள்,
துணி மடிக்கும் மேசையில் சாய்த்துவைத்த
என் வெள்ளைப்பலகை.

வளாகத்துக்கு வாருங்கள் என்று
இரண்டு வருடம் துண்டறிக்கை அச்சடித்தோம்.
வந்தவர்கள் நால்வர்.
அதில் ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்.
அப்புறம்தான் புத்தி வந்தது:
அழுக்குத் துணி இல்லாத வீடு இல்லை.

ஒரு துவைப்புக்கான காசைக் கல்லூரி கொடுக்கும்.
பதிலுக்கு ஒரு பாடம் கேட்க வேண்டும்.
பாடத்தின் நீளம் இருபத்தெட்டு நிமிடம்,
மணி அடிப்பது ஏழாம் எண் இயந்திரம்.

ஒடாலிஸ் ட்சோக், எலும்பு பிரிக்கும் வரிசையில் வேலை.
பேனாவைக் கத்தி மாதிரி
முஷ்டிக்குள் பிடிப்பாள்.
வர்சாமே இரவு ஷிப்டுக்குப் போகிற வழியில் வருவான்,
பாதிப் பாடத்தில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே
விடை சொல்வான்.
பாவ் லே தன் குழந்தையைக்
காய்ந்த துணிக்கூடையில் தூங்கப்போட்டுவிட்டு
முன்வரிசையில்.

அன்றைக்குப் பின்னம்.
ரொட்டி வரைந்தேன், பீட்ஸா வரைந்தேன்.
யாருக்கும் பசியில்லை.
கால் டாலர் என்றேன்.
பைகள் குலுங்கின.

ஒரு காசுக்கு உலர்த்தி ஆறு நிமிடம் சுற்றும்,
மூன்று காசுக்கு?
பதினாறரை என்றாள் ஒடாலிஸ்.
பதினெட்டு என்று திருத்தினேன்.
"ஸ்டிக்கரில் பதினெட்டு.
உலர்த்தியில் பதினாறரை."

ஐந்து வாரமாகத் தொலைபேசியில் நேரம் குறித்திருக்கிறாள்.
பத்து உலர்த்திக்கும் தனித்தனியாக.
எழுந்து வந்து பலகையில்
அவளே போட்டாள் கணக்கை:
பன்னிரண்டு காசு போட்டால்
ஒரு காசு எங்கேயோ போகிறது.

கல்லாவுக்குப் பின்னால் வெர்லின் ஹ்ருஸ்கா.
இடத்தை வாடகையில்லாமல் தந்தவர்.
பங்குதாரர்களின் மனம் கோணக் கூடாதென்று
எங்களுக்கு ஒரு கையேடே இருக்கிறது.
அழிப்பானைத் தேடினேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.
அது ஒடாலிஸின் கையில் இருந்தது.

"டைமர் பழசு" என்றார் வெர்லின்.
"பத்துமே ஒரே அளவு பழசா?"
பூட்ஸைத் தரையில் தட்டிக்கொண்டே
கேட்டான் வர்சாமே.
ஏழாம் எண் மணி அடித்தது.
யாரும் எழவில்லை.

அடுத்த செவ்வாய் கதவில் ஒரு காகிதம்: வகுப்பு இல்லை.
மூன்று வாரம் கல்லூரி வேனுக்குள் உட்கார்ந்தோம்,
வெளியே பனி, உள்ளே ஒன்பது பேரின் மூச்சு.
துணி மட்டும் அதே கூடத்தில்தான்.
ஊரில் வேறு கூடம் கிடையாது.
பாவ் லே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து
இன்னும் எத்தனை நிமிடம் என்று
கண்ணாடியில் விரலால் எழுதுவாள்.

நான்காம் வாரம் காகிதம் இல்லை.
டைமரை அவர் தொடவில்லை.
ஸ்டிக்கரைத்தான் மாற்றியிருந்தார்,
பத்து அட்டைகள், சொந்தக் கையெழுத்தில்.
ஐந்தரை என்று எழுத நினைத்தவர்
ஐந்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இடம் விடாமல்
ஐம்பத்தொன்று, கோடு, அடியில் இரண்டு.

ஒடாலிஸ் வெகுநேரம் நின்று படித்தாள்.
"இதன்படி எனக்கு
இருபத்தைந்தரை நிமிடம் தர வேண்டும் நீங்கள்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வெர்லின் அட்டையைப் பிய்த்தார்,
மூக்குக்கண்ணாடியை மாற்றினார்,
எங்கே தப்பு என்று மெதுவாகக் கேட்டார்,
என்னை அல்ல, அவளை.
அவள் பேனாவை முஷ்டியில் பிடித்து
அவருடைய விரல் அகலத்துக்கு
ஓர் இடைவெளி காட்டினாள்.

ஆண்டறிக்கையில் "பயன் பெற்றோர்" என்ற கட்டம்.
பதினொன்று என்று எழுதினேன்.
அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்றேன்.
பெயர் கேட்கிறார்கள் அலுவலகத்தில்.
இன்னும் நிரப்பவில்லை.