அணைந்ததாக ஒரு குறிப்பு

இல்லாத ஓர் அட்டைக்கு
இல்லாத மின்சாரத்தை நிறுத்துவது என் வேலை.
பள்ளிக்கரணை, இரண்டாவது மாடி,
இரவு ஒன்று நாற்பது.

மடிக்கணினிக்குள் இன்னொரு கணினி.
தான் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது.
அதன் நெட்வொர்க் அட்டை நான் எழுதிய மூவாயிரம் வரி;
செம்பில்லை, ஈயமில்லை, தூசிகூட இல்லை.

டி-சுழியம் என்றால் விழிப்பு.
டி-மூன்று என்றால் உறக்கம்.
நடுவே இரண்டு நிலைகள் உண்டு,
லிஃப்ட் நிற்காத மாடிகள் மாதிரி.

தூங்கப் போகுமுன் உள்ளேயிருக்கும் இயங்குதளம்
சாதனம் சாதனமாகப் போய்
பதிவேட்டில் மூன்று என்று எழுதிவிட்டு வரும்.
என் அட்டை அந்த மூன்றை வாங்கி வைத்துக்கொண்டது.
கேட்டால் மூன்று என்றே சொன்னது.
சொல்லிக்கொண்டே
அடுத்தவர் நினைவகத்தில்
பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஜெபசிங் அனுப்பிய பிழை அறிக்கை ஒரே வரி:
‘எழுந்ததும் விருந்தாளி சாகிறது.’
எங்கள் தொழிலில்
உள்ளே இருப்பதற்கு விருந்தாளி என்று பெயர்.

தூங்குகிறவரை எழுப்பலாம்,
நடிக்கிறவரை எழுப்ப முடியாது என்பார்கள்.
எனக்கோ நடிப்புதான் முழு வேலையும்.
அதிலும் ஒழுங்காக நடிக்காத ஒன்றை
எந்த வரியில் போய்ப் பிடிப்பது?

டமார்.
தெருமுனை டிரான்ஸ்பார்மர்.
மின்விசிறி மூன்று சுற்று யோசித்து நின்றது.
சதுப்புநிலத்துக் கொசுக்கள்
அந்த நொடியே டி-சுழியம்.

இரண்டரைக்கு மொபெட்டில் தேசிங்கு வந்தான்,
மின்வாரியம், இருபத்தாறு வயது இருக்கும்,
வாயில் பாதி பிஸ்கட்.
செல்போன் டார்ச்சை நான் பிடித்தேன்.
பில்லர் பெட்டியில் ஃபியூஸ்களைப் பிடுங்கினான்,
அட்டை ஒன்றை மாட்டினான்,
பிறகு அணைத்த கம்பியிலேயே டெஸ்டரை வைத்தான்.

‘அதான் ஆஃப் பண்ணிட்டீங்களே?’

‘ஆஃப்னு எயுதி மாட்னா ஆஃப் ஆயிடுமா மேடம்?
எவனோ ஜெனரேட்டர நேரா லைன்ல குட்த்துகிறான்.
ரிட்டன் வர்து பாருங்க.’

டெஸ்டரின் முனையில் மிளகளவு சிவப்பு.
பின்தெருவில் ஏதோ உறுமுவது
அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

அவன் போட்ட கூச்சலில் லுங்கியோடு ஒருவர் எழுந்து வந்து
திட்டிக்கொண்டே அதை நிறுத்தினார்.
சிவப்பு போயிற்று.
தேசிங்கு இன்னொரு முறை வைத்துப் பார்த்தான்.
அதன் பிறகே கை வைத்தான்.

மேலே வந்தேன். பேட்டரி பத்தொன்பது சதவீதம்.

நிலை சுழியம் இல்லையென்றால்
நினைவகத்தைத் தொடும் உரிமை பறி.
இன்டரப்ட் கம்பியை இறக்கு.
யாராவது படிக்க வந்தால்
எல்லா பிட்டும் ஒன்று: வீட்டில் ஆளில்லை.
பதிவேட்டை மட்டும் திறந்து வை,
எழுப்ப வருகிறவர் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டுமே.

எழுந்தபின் எதெல்லாம் நினைவிருக்க வேண்டும்?
அதைச் சொல்லவும் ஒரு பிட் உண்டு,
‘மறக்கமாட்டேன்’ என்று.
என் அட்டை அந்த வாக்கைக் கொடுக்கவில்லை.
ஆகவே முகவரி, வரிசை, எண்ணிக்கை
எல்லாவற்றையும் துடைத்தேன்.

சுழியம் என்று எழுதியபின்
டிரைவர் பத்து மில்லிநொடி காத்திருக்கும்,
கரண்ட் ஏறட்டும் என்று.
ஏறுவதற்கு இங்கே ஒன்றுமில்லை.
ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறது.

மூன்று பன்னிரண்டுக்கு
விசிறி முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.
ஃபிரிட்ஜ் தொண்டையைக் கனைத்தது.
ரூட்டர் எல்லாவற்றையும் மறந்துபோய்
நாங்கள் யார் என்று முதலிலிருந்து விசாரித்தது.

விருந்தாளியை நாற்பது முறை தூங்கவைத்து எழுப்பினேன்.
சாகவில்லை.
ஜெபசிங்குக்கு எழுதினேன்: ‘சரிசெய்தாயிற்று.’

எழுதிவிட்டு, அனுப்பாமல்,
மூன்றில் கிடந்த அட்டையின் முகவரிக்கு
வெளியிலிருந்து ஒரு பாக்கெட்டை விட்டுப் பார்த்தேன்.