ஒரு கன அடிக்குப் பத்து

மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார்கள்.
நான் இதுவரை நான்கைத் தாண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு, லோரோங் பர்மா விகாரை.
தரையில் ஒரு மெத்தைத் துண்டு,
அதன்மேல் நான்,
என்மேல் பாயான் லெப்பாஸ்.

ஒன்று.
முப்பத்தேழாம் லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டேனா?
இரண்டு.
பாலத்தில் இந்நேரம் நெரிசல்.
பிறைக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகும்.
மூன்று.
தம்பி மனைவி அன்றைக்குச் சொன்னது.
நான் சொல்லாமல் விட்டது.
சொல்லியிருக்க வேண்டியது,
நயமாக ஒரு தரம், நறுக்கென்று ஒரு தரம்,
கதவைச் சாத்திக்கொண்டே ஒரு தரம்.
மறுபடியும் ஒன்று.

பக்கத்தில் கூ கெக் சூ, சந்தையில் போப்பியா விற்பவள்,
பிரிமணைமேல் வைத்த குடம்போல
அலுங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.
பொறாமையையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டுமா,
தெரியவில்லை.
திடீரென்று அவள் வயிறு உறுமியது.
எனக்குள் பொங்கிய சிரிப்பை அமுக்கிப் பிடித்ததில்
கொஞ்ச நேரம் வேறு நினைப்பே இல்லை.

பதினாறு வருஷமாக என் வேலை தூசி எண்ணுவது.
வெள்ளை உறைக்குள் கண் மட்டும்தான் நான்.
பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது.
கண்ணுக்கே தெரியாத துகள் ஒன்று விழுந்தால் போதும்,
சிப் ஊமையாகிவிடும்.
கூரை முழுக்க விசிறி, ஓயாத இரைச்சல்.
அது என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வரும்.
விகாரையில் கண்ணை மூடியதும்
சம்மணம் போட்டுப் பக்கத்தில் உட்காரும்.

திங்கட்கிழமை காலை,
உள்ளே போகுமுன் வழக்கமான காற்றுக் குளியல்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கையைத் தூக்கிக்கொண்டு
பதினெட்டு நொடி.
நான்கு பக்கமும் காற்று அறைகிறது.
போக முடியாது, திரும்ப முடியாது, பேச ஆளில்லை.
பிடிபட்ட திருடனைப்போல அங்கே நிற்கையில்
அது நடந்தது.
லாட் இல்லை, பாலம் இல்லை, தம்பி மனைவி இல்லை.
காற்று மட்டும்
பட்டுக்கொண்டே இருந்தது.
அட, இதுதானோ என்றேன்.
போயே போயிற்று.
பச்சை விளக்கு. கதவு.

உள்ளே கருவி காட்டிய எண் மூன்று.
சுல்ஹைரி எட்டிப் பார்த்து
"ஓகே லா" என்றான்.
ஓகேதான்.
எங்கள் ஆலையிலேயே சுத்தமான அறை இது.
இதனிடம்கூட யாரும் சுழியம் கேட்பதில்லை.
ஒரு கன அடிக்குப் பத்துத் துகள்வரை மன்னிப்பு உண்டு.
அந்தத் தாளில் நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டவள்
எனக்கென்று ஒரு துகளைக்கூட
விட்டுக்கொடுத்ததில்லை.

அடுத்த வெள்ளி.
ஒன்று. இரண்டு.
தம்பி மனைவி வந்தாள்.
வா என்றேன், குறித்துக்கொண்டேன்.
மூன்று.
முப்பத்தேழாம் லாட், வா.
நான்கு.
ஐந்து என்று இழுக்கும்போது
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
படிக்கட்டில்
என் புதுச் செருப்பு.