பனியா, ஆவியா

ஏற்காடு ஏரியில் காலை ஏழு மணிக்கு
படகின் பின்னால் வெள்ளையாக ஏதோ எழும்பியது.
ஆவி என்றார் பெலவேந்திரன்.
பனி என்றேன் நான்.
சங்ககிரியில் லாரி ரேடியேட்டருக்கு அடைப்பெடுப்பவனை
இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கூட்டிவந்தால்
அப்படித்தான் சொல்வான்.

பனி கலையட்டும் என்று டீ குடித்தோம்.
பனி கலைந்தது.
படகின் பின்னால் இருந்தது கலையவில்லை.

மூடியைத் தூக்கி ரேடியேட்டரைத் தேடினேன்.
இல்லை. அதன் விசிறியும் இல்லை.
எங்கே என்றேன்.
மோவாயால் ஏரியைக் காட்டினார்.

ஜெட் படகு
வயிற்றால் ஏரியை உறிஞ்சி முதுகால் பீய்ச்சுகிறது,
அந்தத் தள்ளலில் ஓடுகிறது.
பீய்ச்சுவதில் ஒரு மிடறு பிரிந்து
என்ஜினைச் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு
புகைக்குழாயில் புகையோடு விழ வேண்டும்.
நீரும் நெருப்பும் ஒரே வாசலில் போகிற வீடு.
நீர் வராவிட்டால்
நெருப்பு தனியாக வந்து ரப்பரைத் தின்னும்.

இரண்டு பக்கமும் இரண்டு ரப்பர் குழாய்.
புறங்கையை வைத்தேன்.
வலது: பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு.
இடது: தோசைக்கல்.

சல்லடைக் குடுவையைத் திறந்தோம்.
பாக்சைட் காட்டிலிருந்து வந்த செம்மண்,
காப்பிப் பழத்தோல், ஏதோ தண்டு,
அரைச் சீப்பு.
கழுவி மாட்டி ஓட்டினால்
இடது இன்னும் தோசைக்கல்.
சிறு குழாய்களைக் கழற்றி வாய் வைத்து ஊதினேன்.
மறுமுனையில் பெலவேந்திரன் விரலில் காற்று பட்டது.
நாக்கில் ஏரி.

கரையேற்றுங்கள் என்றேன்.
தோட்டக் குழாயை மாட்டித் தண்ணீரைத் திறந்து
அதற்கப்புறம் சாவியைத் திருப்பினேன்.

டொக்.

அவ்வளவுதான்.
தள்ளிவிடப் புகை இல்லாத குழாயில்
தண்ணீர் பின்னோக்கி ஏறியிருக்கிறது.
சிலிண்டருக்குள் பஞ்சாயத்துத் தண்ணீர்.
லாரியில் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது
என்று சொல்லிப் பார்த்தேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

பிளக்குகளை எல்லாம் கழற்றிச் சுற்றவிட்டோம்.
ஐந்து துளையிலிருந்து ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது.
டிக்கெட்டுக்கு நின்ற குடும்பங்கள் கைதட்டின.
எண்ணெய்க் குச்சியை உருவும்போது எனக்குக் கண் மூடியிருந்தது.
மோர் நிறம் என்றால் கதை முடிந்தது.
தேன் நிறம்.

படகுத்துறை திலகராணி சாக்பீஸ் எடுத்து
கொட்டகைக் கதவில் எழுதினாள்:
தொடங்கும்போது என்ஜின், பிறகு தண்ணீர்.
நிறுத்தும்போது தண்ணீர், பிறகு என்ஜின்.
என்னைப் பார்க்காமல் எழுதினாள்.

மிச்சம் இருந்தது இடப்பக்க இரும்புதான்.
போல்ட் ஒன்று உடைந்தது, ஒன்று அழுதது.
பிரித்தால், உள்ளே கேஸ்கட் தலைகீழ்.
தண்ணீர் போக வேண்டிய துளைக்கு நேரே
துளையில்லாத தாள்.
தாள் கனம்தான். அது ஓர் ஏரியை நிறுத்தியிருக்கிறது.

யார் மாட்டியது என்று நான் கேட்கவில்லை.
போன மாசிதான், நான்தான் என்றார் பெலவேந்திரன்,
என் தண்ணீர்க் கூத்துக்கு அவர் ஒருவர்தான்
காலையிலிருந்து சிரிக்கவில்லை
என்பது அப்போது ஞாபகம் வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் வெட்டிய புதுக் கேஸ்கட்
மூன்று மணி பஸ்ஸில் கண்டக்டர் பையில் வந்தது.
துளையைத் துளைக்கு நேராக
இரண்டு பேரும் இரண்டு தரம் பார்த்து வைத்தோம்.

ஐந்தரைக்கு ஏரியில் ஒரு சுற்று.
படகின் பின்னால் வெள்ளையாக ஏதோ எழும்பியது.
பனி என்றார் அவர்.
நான் இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்த பிறகே
பனி என்றேன்.

பில்லில் என்ன எழுத என்றாள் திலகராணி.
சல்லடை சுத்தம். கேஸ்கட் தேய்மானம். போல்ட் ஒன்று.
சிலிண்டரில் தண்ணீர் எடுத்தது? என்றாள்.
அது வேண்டாம் என்றேன்.
தேய்மானம் என்ற சொல்லின் மேல்
அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு நகர்ந்தது.

கடைசி பஸ்ஸில் இறங்கினேன்.
ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடிக்கும்போது
இடது புறங்கை எரிந்தது.