கதவைச் சாத்தவும்

மிஷ்கோல்ட்ஸ் நகரில் ஃப்ரீசர் பழுதுபார்ப்பது என் தொழில்.
கறிக்கடை, ஐஸ்கிரீம் கடை,
ஒரே ஒரு முறை பிணவறை.
மைனஸ் பதினெட்டு என்றால் என்னவென்று
என் விரல் நுனிகளுக்குத் தெரியும்.
அதனால்தானோ என்னவோ
வீட்டில் யாரும் போகாத இடத்துக்கு
நான் கிளம்பினேன்.

போலந்தின் தெற்கு மலைக்குள்
தார்ச்சாலை முடிந்து
வெட்டிய மரம் இழுக்கும் தடமும் முடிந்து
ஒரே ஓடையை மூன்று தடவை தாண்டி
(மூன்றாவதில் காலணி நனைந்தது)
பீச் மரங்களுக்கு நடுவே
ஒரு வேலி.

அடிவாரக் கடையில் ப்ரோனிஸ்வாவா
சிவப்புக் கண்ணாடிக்குள் வைத்த மெழுகுவத்தியைக் காட்டி
எத்தனை என்று விரலால் கேட்டாள்.
ஒன்று என்றேன்.
மறுபடி கேட்டாள்.
ஒன்றேதான் என்றேன்.
அவள் தோளைக் குலுக்கியது ஏனென்று
எனாமல் தகட்டைப் படித்தபோதுதான் புரிந்தது:
ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரர்கள் 41
ரஷ்ய வீரர்கள் 67.

அவ்வளவுதான். பெயர் ஒன்றுகூட இல்லை.
ஏழு மேடு, அவற்றின் மேல் பாசி,
பாதி உளுத்த சிலுவை நான்கு.
எண்ணியவன் ஒழுங்காக எண்ணியிருக்கிறான்.

வெந்தெல், என் அம்மாவுக்குத் தாத்தா,
குண்டுபட்டுச் சாகவில்லை.
பதினைந்தாம் வருடம், பிப்ரவரி.
படைப்பிரிவின் பதிவேட்டில் ஒரே சொல்:
உறைந்தார்.
அந்தச் சொல்லை நான் வாரத்துக்கு நாலு தடவை
பில்லில் எழுதுகிறேன்.
குழாய் உறைந்துள்ளது, மாற்ற வேண்டும்.

கடைசித் தபாலட்டையில் அவர் கேட்டது
கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.
பழசே போதும், எதெல்கா,
ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை.
எதெல்கா புதுசாகப் பின்னி அனுப்பினாள்.
ஏப்ரலில் பொட்டலம் திரும்பி வந்தது,
முடிச்சு அவிழாமல்.
அவளுடைய இரண்டாம் கணவர்
அதைப் போட்டுக்கொண்டு
பன்னிரண்டு குளிர்காலம் மரம் வெட்டினார்.
நல்ல மனிதராம். கால் சூடாக இருந்ததாம்.

மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு
பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி
ஏழு மேட்டையும் சுற்றி வந்தேன்.
இங்கே என்றால் அங்கே கோபம் வருமோ.
நூற்று எட்டுப் பேர். எல்லோருக்கும் குளிர்ந்திருக்கும்.
ரஷ்யனுக்குக் கொஞ்சம் குறைவாகக் குளிர்ந்திருக்குமா?
பாதரசத்துக்குச் சீருடை தெரியாது.

வாளியோடு ஒருவர் வந்தார். காளான் பொறுக்குபவர்.
தேயோஃபில் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.
வாளியில் பாதி நிறைந்திருந்தது.
வேலிக்குள்ளும் காளான், கொழுத்துப் போய்,
தொப்பி தொப்பியாக.
அதைக் காட்டினேன்.
வேண்டாம் என்று தலையாட்டினார்.
கொஞ்சம் யோசித்து, சிரித்து,
ஒன்றே ஒன்று என விரலைக் காட்டினார்.
எப்போதோ ஒருமுறை பறித்திருக்கிறார் போல.

வத்தி நனைந்திருந்தது. அவர் லைட்டரும் பிடிக்கவில்லை.
இரண்டு பேரும் குனிந்து
நான்கு கையால் காற்றை மறைத்தோம்.
பிடித்தது.
எங்கே வைப்பது என்று நான் நிமிர்வதற்குள்
அவரே வாங்கி
இரண்டு மேட்டுக்கு நடுவே,
யாருக்கும் சொந்தமில்லாத தரையில்
வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஜெபித்திருக்க வேண்டும்.
என்ன சொல்வதென்று வரவில்லை.
ஈரக் காலணிக்குள் விரல்களை
மடக்கி மடக்கி நீட்டினேன். பத்தும் இருந்தன.

கதவில் ஒரு பலகை:
மாட்டின் படம், மேலே சிவப்புக் கோடு.
மாடு நுழையும், சாத்திவிட்டுப் போ.
எத்தனை கடையில் நானே ஒட்டியிருக்கிறேன்,
கதவைச் சாத்தவும், குளிர் வெளியேறும்.

கீல் தொங்கிக்கொண்டிருந்தது.
சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும்.
இரண்டு திருகை முறுக்கினேன்.
மூன்றாவது துருப்பிடித்து உடைந்தது.
சாத்தினேன்.
பழக்கம் விடவில்லை.
கடை ரசீதை இடுக்கில் வைத்து
மறுபடி சாத்தி, இழுத்துப் பார்த்தேன்.
கதவு இறுக்கமாக இருந்தால் தாள் வராது.

வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

என் கடையில் இதை வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.
அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.