இங்கு நகை எடுக்கப்படும்

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி, பல் கிளினிக்.
என் துண்டில் நாற்பத்தேழு.
உள்ளே பதினொன்று கத்திக்கொண்டிருக்கிறது.

வலக்கன்னம் பணியாரம்.
பையில், சோற்றுப் பெட்டியோடு ஒட்டியபடி
தொண்ணூற்றிரண்டு பக்கத்தில் ஒரு காதல் கதை.
தடித்த புத்தகம் எதையும் நான் இப்போது தொடுவதில்லை.
முந்நூறு பக்கம் தாண்டினால்
எழுதுகிறவருக்கு ஆரையாவது கொல்லத் தோன்றிவிடுகிறது.

இதில் ஒரு சின்ன டவுன், பெயர் போடவில்லை.
மணிக்கூட்டுக் கோபுரத்தில் எப்போதும் நாலேகால்,
ஒரு பேக்கரி, பஸ் ஸ்டாண்டில் மூன்று நாய்.
செங்கலடியாகவும் இருக்கலாம்,
திருக்கோவிலாகவும் இருக்கலாம்.
அங்கே மிதுலா போட்டோ கொப்பிக் கடை திறக்கிறாள்.
போர்ட் எழுதுகிறவன் அவசரத்தில்
நகலை நகையாக்கிவிட்டான்:
இங்கு நகை எடுக்கப்படும்.

முதல் நாளே மூன்று பெண்கள்
அடகு வைக்கக் காப்போடு வருகிறார்கள்.
நாலாவதாகப் பிரதேச சபை வரி உத்தியோகத்தர் கிருபாகரன்,
தண்டப் பத்திரத்தோடு.
பத்திரத்துக்கு மூன்று பிரதி வேண்டும்.
ஊரில் மெஷின் அவளிடம் மட்டும்தான்.
அடுத்த நாளும் வருகிறான், வேறொரு படிவம்.
பதினேழாம் பக்கத்திலேயே
பேக்கரிக்காரருக்கு விளங்கிவிட்டது.
நாய்களுக்கும்.
அந்த இரண்டு பேருக்கு மட்டும்
இன்னும் எழுபத்தைந்து பக்கம் தேவை.

முடிவு தெரியும். தெரிந்தேதான் வாசிக்கிறேன்,
கல்லடிப் பாலம் வரும் என்று தெரிந்தும்
பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்து இருப்பதைப்போல.

சிரித்தேன். பல்லு விண்ணென்று தெறித்தது.
பக்கத்தில் இன்னொரு சிரிப்பு
"ஆவ்" என்று முடிந்தது.
அதே வாங்கில், இடக்கன்னம் வீங்கிய ஒருவர்,
நகக்கண்ணில் எஞ்சின் ஒயில்.
எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாரோ.
"கொஞ்சம் பொறுங்க மிஸ்,
நான் இன்னும் அடிக்கு வரல்ல."

பொறுத்தேன்.
அதன் பிறகு ஒவ்வொரு தாளும்
அவர் தலையசைத்தால்தான் திரும்பியது.

நாற்பதில், கிருபாகரனின் அம்மா
மகனின் சாதகத்தைப் பிரதி எடுக்க அனுப்புகிறா,
அவளுடைய கடைக்கே.
தரகருக்கு ஐந்து.
மிதுலா ஆறு எடுக்கிறாள்.
"கள்ளி" என்றார் பக்கத்தில், கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

அறுபதில் கரண்ட் போகிறது.
கதையின் பேரிடர் அவ்வளவுதான்.
இத்தனை பக்கத்திலும் கடல்
கடலின் இடத்திலேயே இருக்கிறது.
ஆரும் காணாமல் போகவில்லை,
ஒரு குடையைத் தவிர.
அதுவும் எண்பத்தொன்றில்
பேக்கரிக் கதவுக்குப் பின்னால் கிடைத்துவிட்டது.

அந்த வரியில் நான் கொஞ்சம் நின்றேன்.
அவரும் அவசரப்படுத்தவில்லை.

"நாற்பத்தேழு!"
எண்பத்தெட்டாம் பக்கம்.
புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.
ஊசி, குறடு, டொக்டரின் முழங்கை,
கிண்ணத்தில் 'டிங்'.

திரும்பி வந்தபோது வாய் நிறையப் பஞ்சு.
அரை மணித்தியாலம் கதைக்கக்கூடாதாம்.
கண்ணால் கேட்டேன்: மறுகா?
"நான் வாசிக்கல்ல மிஸ்,
எண்பத்தெட்டுலதான் நிக்கன்."
விரல் தாளுக்குள்ளேயே இருந்தது.

"நாற்பத்தெட்டு! சத்தியதாசன் ஆரு?"
அவர் எழும்புமுன்னே
ஏனோ நான் தலையாட்டினேன்.

மிச்சம் நாலே பக்கம்.
நின்றபடியே முடித்துவிட்டு
மூன்றேகால் பஸ்ஸைப் பிடிக்கலாம்.
பஞ்சு வைத்த வாயால் சிரிக்க முடியுமா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன், முடியவில்லை,
எண்பத்தெட்டுக்குள் என் விரல்,
தாளில் ஓரமாக ஒரு ஒயில் ரேகை,
உள்ளே அவர் கத்துகிறார்.
பஸ் போகட்டும்.