மணி வேலை செய்தது

பீல் ரயில் நிலையத்துக்கு முன்னால்
நகரசபை அனுமதித்த இரண்டு மீட்டர் நிலம்.
ஒரு மடக்கு மேசை. தாள்கள் பறக்காமல்
ஹெட்விக் வைத்த இரண்டு மீன் டின்.
நவம்பர். குடை விளிம்பில் பனி சொட்டுகிறது.

சொல்லாமல் கொள்ளாமல் சிறைக்குள் நுழையலாம்
வெளியாள் ஒருவர், எந்த நேரமும், எந்த அறைக்கும்.
நாங்கள் கேட்கும் சட்டம் இவ்வளவுதான்.
மூன்றாம் பந்தி மட்டும் என்னுடையது:
இரவு மணிப் பதிவேட்டையும் அவர் திறந்து பார்க்கலாம்.
வழக்கறிஞர் அதை இரண்டு தரம் வெட்டினார்.
இரண்டு தரமும் அவர் அலுவலக வாசலில் போய் இருந்தேன்.

தம்பி துஷியந்தனுக்கு
நாற்பத்தொரு நாள் விசாரணைக் காவல்.
வழக்கு பிறகு கைவிடப்பட்டது, அதற்கும் ஒரு கடிதம்.
கடைசி இரவில் அவனுக்கு வலது பக்கம் விறைத்தது.
கட்டிலுக்கு மேலே ஒரு பொத்தான் இருந்தது.
நல்ல தடித்த தாளில் எழுதியிருந்தார்கள்:
மணி பரிசோதிக்கப்பட்டது. மணி வேலை செய்தது.
அன்றிரவு அழைப்பு எதுவும் பதிவில் இல்லை.

எத்தனை தரம் அழுத்தினாய் என்று கேட்டால்
இடதுகை விரல்களை விரிப்பான்
மடக்குவான்
விரிப்பான்
மடக்குவான்
சோறு ஆறிப்போகும்.

ஆராய்ச்சி மணியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
கன்று, தேர்ச்சக்கரம், கயிறு இழுத்த பசு, அரசன் நீதி.
பத்துப் புள்ளிக் கேள்வி.
ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை:
மணி அடித்ததும் முதலில் காது கொடுத்தவன் எவன்?
அவன் அன்று நித்திரையாய் இருந்திருந்தால்
அது வெறும் மாடு,
வெறும் கயிறு.

"உள்ளே டிவி எல்லாம் இருக்காமே" என்றார் ஒருவர்.
அவர் நாய் எங்கள் மேசைக்காலை நக்கிக்கொண்டிருந்தது.
யானிக் நாலு வருடம் உள்ளே இருந்தவன்.
வாதாடமாட்டான். பேனாவை நீட்டி
"மழை வரப்போகிறது, மேடம்" என்பான்.
பாதிப் பேர் அதற்கே கையெழுத்து வைத்தார்கள்.

நான் வைக்க முடியாது.
இருபத்திரண்டு வருடம் வரி கட்டிய சி பெர்மிட்.
கையெழுத்துக் கேட்கலாம், போடக்கூடாது.
பந்தியில் பரிமாறலாம்,
எனக்கு இலை இல்லை.

நாலரைக்கு ஒருவன் வந்தான்.
மூன்றாம் பந்தியில் விரலை வைத்தபடி
அப்படியே நின்றான். இரண்டு ரயில் போய்விட்டது.
"எனக்கு இரவு வேலை" என்றான் பிரெஞ்சில்,
"ஐம்பத்துநாலு அறைக்கு இரண்டு பேர்."
எந்தச் சிறை என்று நான் கேட்கவில்லை.
எந்த இரவுகள் என்றும்.
கேட்டிருக்க வேண்டும் என்கிறாள் ஹெட்விக்,
பத்தொன்பது வருடம் சிறைத் தாதியாய் இருந்தவள்,
கேட்காமல் இருந்தவள்.

பெயர், பிறந்த தேதி, தெரு
பள்ளிப்பிள்ளை எழுத்துப்போல் நேர்நேராய்.
ஊர்: நிடாவ்.
அவனுக்கு நாங்கள் நீட்டியதோ பீல் தாள்.
ஊருக்கு ஒரு தாள், அயலூர்ப் பெயர் அதில் செல்லாது.
கவனித்தபோது அவன் சுரங்கப் படிகளில் இறங்கிவிட்டான்.
யானிக் அந்த வரியில் கோடு போட்டான்,
அவ்வளவு மெதுவாய் அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.
அவனும் பதிவில் இல்லை.

இரவு பத்துக்கு எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை.
மூன்று ஏழுக்குப் பலகையில் பதினான்கு எரிந்தது.
திருமதி ஏபர்ஸோல்ட். தாகமில்லை. வலியில்லை.
வெளியே பனி இன்னும் நிற்கிறதா என்று கேட்டாள்.
நிற்கிறது என்றேன்.
திரும்பி வந்து எழுதினேன்:
3.07 அழைப்பு. 3.08 போனேன்.
காரணம் என்ற கட்டத்துக்கு மேலே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.