பணயம் மீட்ட நாள்

நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முன்னூற்றுப் பன்னிரண்டு மரம்.
மரத்துக்கு இரண்டரை ரூபாய்.
மழை என்றால் மரமும் இல்லை, ரூபாயும் இல்லை.
மே கடைசியிலிருந்து
வானத்தைப் பார்த்துத்தான் அரிசி வாங்குவேன்.
திற்பரப்புப் பக்கம் கறுத்தால் இரண்டு கிலோ,
வெளுத்தால் ஐந்து.

இன்றைக்கு வெட்டு முடிந்து
ரப்பர் பால் வாடை போக இரண்டு தடவை சோப்புப் போட்டு
குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன்.
பையில் பதினோராயிரத்து நானூறு,
கடைசித் தவணை.
அதில் ஆயிரத்து அறுநூறு
சிரட்டையில் மிஞ்சிய ஒட்டுகறை விற்றது.
சோபனதாசும் தன் பங்குக்கு
எட்டு மாதமாய் ஜங்ஷன் சாயாவை விட்டுவிட்டு
வீட்டுக் கட்டனைக் குடித்தார்.
பழம்பொரியை மட்டும் விட முடியவில்லை.
அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்:
ப.பொ. பன்னிரண்டு.

செயினை வைத்தது தொண்ணூறாயிரத்துக்கு.
கூரை ஷீட்டுக்கு நாற்பத்து மூன்று ஆனது.
மீதி நாற்பத்தேழு எங்கே போனது என்று
ஒரு வருடம் தேடினேன்.
ஷிஜினின் போனுக்கு முன்பணம்.
நாத்தனார் மகள் கல்யாணத்தில் சுருள் ஐயாயிரம்
(இரண்டு போதும்,
மேசையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள்).
ஒரு மிக்சி. இரண்டு நைட்டி.
ஒரு சிக்கன் பிரியாணி,
அடுத்த ஞாயிறு
இன்னொரு சிக்கன் பிரியாணி.
கையில் காசு இருந்த அந்த ஐந்து வாரமும்
நாங்கள் கெட்ட காரியம் எதுவும் செய்யவில்லை.
காசு உள்ளவர்களைப் போல நடந்துகொண்டோம்,
அவ்வளவுதான்.

கவுண்டரில் டை கட்டிய பிள்ளை
ரசீதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"புஷ்பபாய் அக்கா, இத எதுக்கு எடுக்கிய?
வெல கூடிக் கெடக்கு.
இதே செயினுக்கு இப்ப ஒண்ணே முக்கா லெச்சம் கிட்டும்.
பழசக் கழிச்சிட்டு மிச்சத்தக் கையில தாறேன்.
ஒரு ஒப்பு போட்டாப் போதும்."

ஏசி என் ஈரக் கழுத்தில் அடித்தது.
ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து அறுநூறு.
குளிமுறிக்கு டைல்ஸ்.
ஷிஜினுக்கு நாகர்கோவிலில் அந்தக் கோர்ஸ்.
பழம்பொரி என்றால்
பதிமூவாயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று,
மனசு அதையும் வகுத்துப் பார்த்துவிட்டது.
பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினான்.
வாங்கியும் விட்டேன்.

"ஒருக்கா தூக்கிக் காட்டு பிள்ளே."
தராசில் வைத்தான்.
இருபத்து நாலு கிராம்.
இரண்டு வருடம் இரும்புப் பெட்டிக்குள் சும்மா கிடந்தும்
ஒரு பொடி தடிக்கவில்லை.
வைத்த அன்றைக்கும் இருபத்து நாலுதான்.
கூடியது என்ன, எனக்கு விளங்கவில்லை.
ரப்பருக்கு விலை கூடும் நாளில்
என் மரம் ஒரு சொட்டு அதிகம் விட்டதில்லை.
விடும் என்று நினைத்துக் கத்தியை இறக்கினால்
தடியில் காயம்.
பிறகு அந்தப் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும்,
கத்தி ஓடாது.

"ஆழமா வெட்டப்பிடாது" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
எனக்கும் பாதிதான் புரிந்தது, கை நடுங்கியது.
"மீட்டதுக்கு ஒப்பு எங்க போடணும்?"

வெளியே மழை.
நாளைக்கு வெட்டில்லை.
செயினைக் கழுத்தில் போட்டு
சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்,
திருடியவளைப் போல.
பையில் அறுபத்தாறு ரூபாய்.
இரண்டு பழம்பொரி வாங்கினேன்.
ஒன்றை அவருக்கு மடித்து வைத்துவிட்டு
பஸ்ஸில் ஜன்னலோரம் மற்றதைத் தின்றேன், சூடாய்.

பொன்மனை தாண்டும்போது
போன் இரண்டு தடவை கிணுங்கியது.
அந்தப் பிள்ளையாய் இருக்கும்.
கையில் எண்ணெய்.
எடுக்கவில்லை.